எஞ்சின் இல்லாதவருக்கு வழி

கொல்கத்தாவின் பவானிபூரில் பருந்துகள் காலையில் அவசரப்படுவதில்லை. ஜதுபாபு சந்தையில் விடிந்ததுமே மீன் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். காக்கைகள் அதற்கு முன்பே கூடிவிடும். பருந்துகள் மட்டும் பழைய வீடுகளின் தண்ணீர்த்தொட்டி விளிம்புகளில் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும். ஆசுதோஷ் முகர்ஜி சாலையின் தாரும் மொட்டைமாடிகளின் சிமெண்டும் சூடேறி, அவற்றின்மேல் படிந்திருக்கும் காற்று கிளம்பும்வரை அவை சிறகைச் செலவழிக்காது. வெயில் ஏறியபிறகு ஒன்று பாய்ந்து, நாலைந்து முறை இறக்கையடித்து வட்டமிடும். அதன்பின் இறக்கை அசையாது. ஹரீஷ் பூங்காவுக்கு மேலே அது சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்து மற்றவையும் அதே இடத்துக்கு வந்து சேரும்.

இந்தக் காத்திருப்பை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதிய ஒருவர் இந்தியாவில் இருந்தார். எர்னஸ்ட் ஹான்கின். ஆக்ராவில் அரசு இரசாயனப் பரிசோதகராகப் பணியாற்றியவர். கங்கை நீர் காலராக் கிருமிகளைக் கொல்கிறது என்று 1896இல் எழுதியதற்காக மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதே மனிதர் ஆக்ராவின் வானத்தில் பருந்தையும் பிணந்தின்னிக் கழுகையும் அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்து, பறவைகளின் பறத்தல் பற்றி 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். உடல் இலேசான பருந்து முதலில் எழும். கனத்த கழுகுக்கு வெயில் இன்னும் ஏற வேண்டும். காற்றுக்குத் தாங்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பறவைகள் அறிந்திருக்கின்றன என்பது அவருடைய கவனிப்பு.

கிளைடர் என்பது இந்த நேர ஒழுங்குக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த விமானம். அதற்கு எஞ்சின் இல்லை. யாராவது இழுத்து மேலே விட வேண்டும். விட்டபின் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தான் இறங்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் மேலெழும் காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள் வட்டமிட்டால்தான் ஏற்றம். ஆயிரம் மீட்டர் உயரத்தைச் செலவிட்டு நல்ல நவீன கிளைடர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகும். அதற்குள் இன்னொரு காற்று கிடைக்காவிட்டால் ஏதாவது வயலில் இறங்க வேண்டியதுதான். உயரம்தான் அதன் எரிபொருள். எதிரே வருபவருக்கு விலகுவதற்காகச் சட்டென்று மூக்கைக் கவிழ்த்தால், வீடு திரும்பும் வழியில் ஒரு பகுதியை அந்தக் கணமே இழந்துவிடும்.

அதனால்தான் ஆகாயத்தின் விதி எஞ்சின் இல்லாதவர் பக்கம் நிற்கிறது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு இதை நேராகவே சொல்கிறது. எஞ்சினால் பறக்கும் விமானம் ஆகாயக் கப்பலுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் வழிவிட வேண்டும். ஆகாயக் கப்பல் கிளைடருக்கும் பலூனுக்கும், கிளைடர் பலூனுக்கும் வழிவிட வேண்டும். தன் போக்கை மாற்றிக்கொள்ளும் திறன் யாரிடம் குறைவோ அவருக்கு உரிமை அதிகம். நான் வாசித்த சட்ட வாசகங்களில் இவ்வளவு மனிதத்தன்மையுள்ளவை குறைவு. வலிமையை ஒரு கடமையாக மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இந்த வரிசை கடலிலிருந்து வந்தது. நீராவிக் கப்பல் பாய்மரத்துக்கு விலக வேண்டும் என்ற பழைய வழக்கம் 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளிலும் தொடர்கிறது. ஆனால் அந்த விதிகளிலேயே ஒரு திருப்பமும் உண்டு. குறுகலான நீர்வழியில், ஆழமான நடுப்பாதையை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு குறுக்கே நிற்கக் கூடாது. கொல்கத்தாவை ஒட்டி ஓடும் ஹூக்ளி ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மணல்திட்டுகளுக்கு இடையே ஓர் ஒற்றைத் தடத்தில் வரும் சரக்குக் கப்பலுக்கு ஆயிரக்கணக்கான குதிரைசக்தி இருக்கலாம். பத்தடி விலகும் சுதந்திரம் அதற்கு இல்லை. கையால் துடுப்புப் போடும் நௌகாதான் அங்கே ஒதுங்க வேண்டும். ஆக, வலிமையும் விலகும் திறனும் ஒன்றல்ல.

பவானிபூரில் இருப்பவனுக்கு இந்த இடத்தில் டிராம் நினைவுக்கு வராமல் போகாது. லான்ஸ்டவுன் சாலையில் குடியிருந்த கவிஞர் ஜீவனானந்த தாஸ், 1954 அக்டோபர் 14 மாலை ராஸ்பிஹாரி அவென்யூவைக் கடக்கையில் டிராம் மோதி விழுந்தார். இந்த வட்டாரத்தின் சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் எட்டு நாள் கிடந்து, 22ஆம் தேதி இறந்தார். வங்காளத்தின் வானத்துப் பருந்தைக் கவிதைக்குள் நிரந்தரமாகக் குடியேற்றியவர் அவர். அந்த டிராம் வேகமான வண்டி அல்ல. ஆனாலும் தண்டவாளத்தில் ஓடுவது எதிரே இருப்பவரைப் பார்த்தாலும் பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர முடியாது.

சிறு விமானத்தின் விமானி தன்னை டிராம் ஓட்டுநராக ஒருபோதும் எண்ணுவதில்லை. மேலே, கீழே, வலம், இடம் என நான்கு புறமும் அவருக்குத் திறந்திருக்கின்றன. வழிவிட வேண்டிய விதி அவருக்குத் தெரியும். பார்த்ததும் விலகிவிடலாம் என்ற நம்பிக்கையும் இருக்கும். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி விமானம் மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறது, எதிரே கிளைடர் 110இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நொடிக்கு 86 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. எதிரே ஏதோ இருப்பதைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோதும் பாதை என்று புரிந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை ஏடு கணக்கிடுகிறது. அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கரைந்துவிடும். நேர் எதிரே வரும் கிளைடரின் உடல் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது, நீட்டிய கையில் பிடித்துப் பார்க்கும் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளி. இறக்கை பதினைந்து மீட்டர் நீளம்தான், ஆனால் முன்னிருந்து பார்க்கையில் ஒரு கோடு. நிறமோ வெள்ளை, பின்னால் வெள்ளை மேகம்.

இன்னொன்றும் உண்டு. நேர்ப்பாதையில் மோதவரும் பொருள் கண்ணாடியில் நகர்வதே இல்லை. நம் கண் அசைவைப் பிடிப்பதற்குப் பழகியது. அசையும் புள்ளிகளெல்லாம் நம்மைத் தவறவிட்டுப் போகிறவை. அசையாமல் நிற்பதுதான் நம்மிடம் வருகிறது. அது பெரிதாகத் தெரியத் தொடங்கும்போது கடைசிச் சில நொடிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்த நொடிகளில் திறந்த வானத்து விமானியும் தண்டவாளத்தில்தான் இருக்கிறார். அவருடைய சுதந்திரம் உண்மையாகவே அவர் கையில் இருந்தது முந்தின இரவு, வரைபடத்தை மேசையில் விரித்தபோது. வழிவிடும் கடமையை நிறைவேற்ற முடிகிற இடம் அந்த மேசைதான் என்று நினைக்கிறேன்.

அந்த மேசையில் என்ன பார்க்க வேண்டும்? கிளைடர் களத்தின் சிக்கலே அது காலியாகத் தெரிவதுதான். இரண்டு மூன்று வண்டிகள், ஒரு கொட்டகை, புல்வெளி. தார் ஓடுதளம் இருக்க வேண்டிய தேவையில்லை. பவானிபூரிலிருந்து வடக்கே மைதானத்தின் ஊடாகப் போகும் ரெட் ரோட்டில் இன்று காரில் செல்பவருக்கு, இரண்டாம் உலகப்போரில் ஹரிக்கேன் போர் விமானங்கள் அதை ஓடுதளமாகக் கொண்டு எழும்பின என்பது தோன்றுமா? வயலாகத் தெரியும் களமும் அப்படித்தான். மேலே பறப்பவர் அதை நல்ல அடையாளக் குறி என்று நினைத்து நேராக அதன்மேலேயே வழி அமைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

அந்தப் புல்வெளியின் ஒரு முனையில் கிளைடர், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் அதை இழுத்துவிடும் சுழல்பொறியான விஞ்ச். நடுவே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கேபிள். விஞ்ச் சுற்றத் தொடங்கியதும் கிளைடர் மூக்கை நாற்பது பாகைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடியை எட்டிவிடும். நீண்ட கேபிள் உள்ள களங்களில் இரண்டாயிரத்தையும் தாண்டும். அந்த ஏற்றத்தில் கிளைடர் விமானிக்கு முன்னால் தெரிவது வானம் மட்டும். தனக்கு முன்னே கீழே யார் குறுக்கிடுகிறார் என்பது அவர் கண்ணில் படாது. விஞ்ச் ஓட்டுநர் கிளைடரையே பார்த்துக்கொண்டிருப்பார். கழற்றிவிட்ட கேபிள் ஒரு சிறு பாராசூட்டோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கும். செப்டம்பர் நடுவில், விஸ்வகர்மா பூஜை நாளில், பவானிபூரின் மாடியெல்லாம் பட்டம் விடுவார்கள். பட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரியும், மாஞ்சா நூல் தெரியாது. மா மேம்பாலத்தில் இருசக்கர வண்டியில் போனவர்களின் கழுத்தை அது அறுத்திருக்கிறது. விஞ்ச் கேபிளும் அவ்வாறே, இறக்கையை அறுக்க வல்ல எஃகில்.

பிரிட்டனின் விமான வரைபடங்களில் கிளைடர் களத்துக்கு ‘ஜி’ என்ற எழுத்தும், பக்கத்தில் கேபிள் எட்டக்கூடிய அதிகபட்ச உயரமும் அச்சாகியிருக்கும். அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. அதற்குக் கீழே அந்த இடத்தின் மேல் பறக்காதே என்பதே அதன் பொருள். அங்கே பறக்கும் பழக்கமுள்ளவர்கள் குறியை விட்டுச் சில மைல் தள்ளியே கோடு போடுவார்கள். விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புகளில் போட்டி ஏதும் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். களத்துக்குத் தொலைபேசியில் பேசி இன்று பறக்கிறீர்களா என்று கேட்டுவிடுவதும் உண்டு. இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

இதைவிட நுட்பமானது காற்றை வாசிப்பது. களத்தில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதால் வானமும் காலி என்று கொள்ள முடியாது. காலையில் கிளம்பிய கிளைடர்கள் பிற்பகலில் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். வெயில் சாயும்போது எல்லாம் ஒன்றாகத் திரும்பும். அவை எங்கே இருக்கும் என்பதைச் சொல்வது சூரியனும் நிலமும்தான். பஞ்சுப் பொதியாகத் திரண்ட மேகத்தின் அடியில் மேலெழும் காற்று இருக்கும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சில கிளைடர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய மேகங்கள் வரிசை கட்டினால் அந்த வரிசை அவர்களுடைய நெடுஞ்சாலை. மலைமுகட்டில் காற்று மோதும் பக்கம் இன்னொரு சாலை. அழகான நாளில் மேகத்தின் அடிவயிற்றை ஒட்டிப் பறப்பது எஞ்சின் விமானிக்கு இன்பம். ஆனால் கிளைடர்கள் நெருக்கமாக இருக்கும் அடுக்கும் அதுவே. காலையில் சீக்கிரம் கிளம்பினால், பருந்துகள் தண்ணீர்த்தொட்டியை விட்டு எழும் முன், பாதி ஆபத்து இல்லாமல் போய்விடும்.

கருவிகள் உதவாதா? உதவும். 2004இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃப்ளார்ம், கிளைடர்கள் தங்களுக்குள் எச்சரித்துக்கொள்ளும் சிறு பெட்டி. அதைப் பொருத்தாத விமானத்துக்கு அது எதையும் சொல்லாது. 2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடாவில், ரீனோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் ஜெட் ஒன்று சுமார் 16,000 அடியில் ஒரு கிளைடரோடு மோதியது. கிளைடரில், தன் இருப்பை ரேடாருக்கும் பிற விமானங்களுக்கும் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக அதை அணைத்து வைத்திருந்தார் விமானி. ஜெட் சக்கரம் இறங்காமல் கார்சன் சிட்டியில் வயிற்றால் தரை தொட்டது. கிளைடர்காரர் பாராசூட்டில் குதித்தார். எல்லோரும் பிழைத்தார்கள். 2009 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் அப்படி நடக்கவில்லை. பயிற்சி விமானமும் கிளைடரும் மோதியதில் விமானத்திலிருந்த விமானியும் பதின்வயது பயிற்சி மாணவரும் இறந்துபோனார்கள். கிளைடர்காரர் மட்டும் பாராசூட்டால் தப்பினார். நெவாடா விபத்தைப் படித்துவிட்டு, தவறு டிரான்ஸ்பாண்டரை அணைத்தவருடையது என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. சிறியவர் தன் இருப்பைத் தெரிவித்தாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்கலம் தீர்ந்துபோகும், கருவி பழுதாகும். அந்த நெவாடாப் பள்ளத்தாக்கில் கிளைடர்கள் பறப்பதோ ஊரறிந்த விஷயம். பெட்டி பேசினால்தான் அங்கே ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொள்வேன் என்று வழி அமைப்பது, விதி கொடுத்த உரிமையைக் கருவி வாங்கும் வசதியோடு கட்டிப்போடுவதாகும்.

இந்தியாவில் இந்தப் பேச்சே அரிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் கிளைடர் களங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புனேயின் ஹடப்சரில் ஒன்று. அதைச் சுற்றி இன்று மகர்பட்டாவின் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் வளர்ந்துவிட்டன, வடக்கே லோஹேகாவில் சுகோய் விமானங்களின் விமானப்படைத் தளம். ஐஐடி கான்பூரில் ஒன்று. தில்லி சப்தர்ஜங்கில் ஒருகாலத்தில் செழிப்பாக நடந்தது நின்றுபோயிற்று. ஆனால் 1950களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் நம் சிவில் விமானத் துறையே சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்துப் பறக்கவிட்டது. அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர்ஷம் என்று நட்சத்திர வரிசையில் பெயரிட்டார்கள். ரோகிணியையும் கார்த்திக்கையும் வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். என்.சி.சி. மாணவர்கள் எத்தனையோ பேர் முதன்முதலாக நிலத்தை விட்டு எழுந்தது ரோகிணியில்தான். பிறகு என்.சி.சி.யும் எஞ்சின் வைத்த மைக்ரோலைட்டுக்கு மாறியது. ராமாமிர்தத்தின் பெயர் நம் தமிழ் அறிவியல் எழுத்தில் ஏன் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

களங்கள் குறைந்ததால் இழப்பு கிளைடர்காரர்களுக்கு மட்டும் என்றில்லை. இங்கே பயிற்சி பெறும் விமானி, வழிவிட வேண்டிய வரிசையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். விமானப்படையிடம் ஏடிசி என்ற வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் விமானத் தகவல் மையத்திடம் எஃப்ஐசி எண்ணும் வாங்காமல் நம் வானத்தில் ஒரு சிறு விமானம் பெரும்பாலும் கிளம்ப முடியாது. அனுமதி பெறும் வேலையே திட்டமிடலின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அனுமதி கிடைத்தால் வழி எனக்கே என்ற மனநிலை அதிலிருந்து மெல்ல உருவாகக்கூடும். ஒரு கிளைடரை நேரில் பார்க்காமலே பணிக்காலம் முழுவதும் பறந்து ஓய்வு பெறவும் முடியும். பழகாத மரியாதை தேவைப்படும் நாளில் கைக்கு வராது.

அந்த நாள் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் இந்த மேற்கு வங்கத்திலேயே. கலிம்போங்கின் டேலோ மலையிலிருந்து பாராகிளைடர்கள் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துகொண்டு குதிக்கின்றன, பக்கத்துச் சிக்கிமின் காங்டாக்கிலும் அவ்வாறே. பாக்டோக்ராவுக்கும் காங்டாக்குக்கும் இடையே ஹெலிகாப்டர் சேவை இருக்கிறது. பாராகிளைடரும் எஞ்சின் இல்லாதது. விதியின் பார்வையில் கிளைடரின் உறவு. ஆனால் கிளைடரைவிட மிகப் பலவீனமானது. அதன் இறக்கை துணி. அதற்குள் நிறைந்திருக்கும் காற்றுதான் அதற்கு வடிவம். ஹெலிகாப்டர் சுழலி கீழே தள்ளும் காற்று அந்தத் துணியை மடக்கிவிடக் கூடும். மோதவே வேண்டாம், அருகே கடந்தாலே போதும். வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுதான். ஹெலிகாப்டர் வருவதைக் கேட்டாலும் அதற்கு ஓடி ஒதுங்க இடமில்லை. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பயணிக்கு இது எதுவும் தெரியாது. அவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, முன்பின் தெரியாத ஒரு விமானியை நம்பி, மலைவிளிம்பில் ஓடியவர்.

மேகம் இறங்கிய நாளில் மலையில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு ஹூக்ளியின் சரக்குக் கப்பலைப் போலக் குறுகிய தடமே மிஞ்சும். அங்கே அதனிடம் விலகு என்று கேட்பது நியாயமில்லை. அதனாலேயே இருவரும் சந்திக்காதபடி முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டியிருக்கிறது. டேலோவிலும் காங்டாக்கிலும் பாராகிளைடர்கள் குதிக்கும் இடமும், அவை எட்டும் உயரமும், பறக்கும் மாதங்களும் நேரங்களும் அந்தப் பக்கம் வரும் ஒவ்வொரு ஹெலிகாப்டர் விமானியின் வரைபடத்திலும் குறியாக இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் கிளம்பும் முன் குதிக்கும் இடத்துக்கு ஓர் அழைப்பு போக வேண்டும். குதிக்கும் இடத்தில் அந்த அழைப்பை எடுப்பதற்கென்றே ஓர் ஆள், கையில் ஒரு வானொலிப் பெட்டியோடு, பறக்கும் நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதைச் சுற்றுலாத் துறையும் விமானத் துறையும் அடுத்த பறக்கும் பருவத்துக்கு முன் பேசி முடிக்கலாம்.